வேணுஜாவின் நெஞ்சுக்குள் ஒரு பிழையான வாய்க்கால்

கட்டுக்கரை,
12 ஆவணி 2013

என் உடன்பிறப்பு மனோன்மணி அக்காவுக்கு,

தம்பி நவரத்தினம் எழுதுவது. கேதீச்சரத்தான் அருளால் நாங்கள் சுகம். கனடாவில் நீங்களும் அத்தானும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே அழுவீர்கள் என்பதால் கடிதம். முடிவை முதலில் சொல்கிறேன்: பிள்ளை உயிரோடு இருக்கிறாள்.

என் மகள் வேணுஜாவுக்கு அகதி முகாமிலேயே மூச்சு வாங்கியது, அங்கே எல்லோருக்கும்தான் மூச்சு வாங்கியது என்பதால் கவனிக்கவில்லை, ஊர் திரும்பியபின் களை பிடுங்கும்போது அடிக்கடி வரம்பில் குந்திவிடுவாள், நான் சோம்பல் என்று ஏசினேன், அதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்குவதில்லை, பிறகு ஊருக்கு வந்த டொக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்து ஏதோ இரைகிறது என்றார், வெளியே நிற்கும் உழவு இயந்திரமாக்கும் என்றேன், அவர் சிரிக்காமல் கொழும்புக்கு எழுதித் தந்தார்.

கொழும்பில் பெரிய டொக்டர் நம்மவர். "இருதயத்துக்கு ரத்தம் குடுக்கிற நாடியில ஒரு கிளை பிழையான அறைக்குள்ள திறந்திருக்கு. பிறவியிலேயே வந்தது. தொடையால மெல்லிய குழாய் விட்டு, கம்பிச்சுருள் வைச்சு அடைப்பம்" என்றார்.

"உடைப்பு நெஞ்சில எல்லோ? தொடையில என்ன வேலை?"

"வாய்க்கால் வழியாப் போறம், ஐயா. வரம்பை வெட்டத் தேவையில்லை."

அது எனக்கு விளங்கியது. ஆனாலும் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் கதவடியிலேயே நடந்து திரிந்தேன். தாயில்லாப் பிள்ளை, அக்கா. இரண்டு மணித்தியாலம் கழித்து ஒரு சிங்களத் தாதி வந்து என் தோளைத் தொட்டு, "ஹரி, ஹரி, தாத்தா" என்றாள். பெருமாள் பெயரை ஏன் சொல்கிறாள்? எல்லாம் முடிந்ததென்று நிலத்தில் குந்தி அழுதேன். அழுகையிலும், ஐம்பத்தொரு வயதில் நான் தாத்தாவா என்று ஒரு கோபம். பக்கத்து வாங்கிலிருந்த உப்புக்குளத்து மீன் வியாபாரி முனவ்வர் என்னைத் தூக்கினார். "அவங்கட பாசையில ஹரி எண்டா சரி, தாத்தா எண்டா அப்பா. புள்ளைக்குச் சுகமாம், அழாதீங்க" என்றார். சொன்னவரும் அழுதார்.

இப்போது இரைச்சல் இல்லை. படியேறினாலும் மூச்சு வாங்குவதில்லை. இனி யோசிக்க ஒன்றுமில்லை, கொழும்புப் பக்கமே நாங்கள் போகத் தேவையில்லை. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

அன்புத் தம்பி,
நவரத்தினம்

பி.கு.: இன்று அவளைக் காட்டப் போன இடத்தில், ஊர் டொக்டர் சும்மா என் நெஞ்சிலும் குழாயை வைத்துப் பார்த்தார். அங்கேயும் ஏதோ இரைகிறதாம். வருகிற வியாழன் கொழும்பு ஆசுப்பத்திரியில் எனக்குக் கட்டில் பதிந்தாயிற்று. கூட வருபவள் வேணுஜா. "ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ அப்பா, நான் வெளியில இருப்பன்" என்கிறாள்.