நாலாவது மிதவை

என் கையெழுத்து நண்டு நடந்த மணல் மாதிரி இருக்கும். பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதே கையெழுத்துதான் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொடுத்தது.

என் மகள் தேவிகா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பழவேற்காட்டில் அவள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. முதல் பரிசு வாங்கினால் திருவள்ளூரில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்குப் போகலாம். ஒரு மாதமாக அவளுக்கு அதே நினைப்பு. என் வலை மிதவைகளை அறுத்தெடுத்து (நான் ஏன் என்று கேட்கவில்லை, எனக்கு மகளிடமும் கூச்சம்தான்) நாலு நாலாக நூலில் கோத்தாள். மிதவை கார்பனாம். ஒரு மிதவையில் மட்டும் ஈயக்குண்டு தொங்கும், அது குளோரினாம். குண்டு இடம் மாறினால் பொருளே வேறாகிவிடுமாம். 1-குளோரோபியூட்டேன், 2-குளோரோபியூட்டேன் என்று இரண்டு சரத்திலும் சீட்டு கட்டினாள்.

கண்காட்சியன்று சோறு கொண்டுபோனேன். உள்ளே எத்தனை வாத்தியார்களோ என்று பயந்து, டச்சுக் கல்லறை ஓரமாக அரைமணி நேரம் நின்றேன். (அங்கே படுத்திருப்பவர்கள் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள் என்ற தைரியம்.)

"நைனா, கொஞ்சம் பாத்துக்கோ. சாப்ட்டு வந்துர்றேன்" என்று, ஒருவழியாக உள்ளே போன என்னை மேசையருகே நிறுத்திவிட்டு தேவிகா போனாள்.

மேசையைப் பார்த்தேன். ஒரு சரத்தில் மிதவை நாலு. குண்டு கட்ட நாலு இடம். ஆனால் சரம் இரண்டுதான். பாவம், நேரம் போதாமல் பாதியில் விட்டுவிட்டாள் என்று எனக்கு மனசு கேட்கவில்லை. மிச்சமிருந்த மிதவைகளைக் கோத்து, மூன்றாவதில் குண்டு வைத்து ஒன்று, நாலாவதில் வைத்து ஒன்று கட்டினேன். அவள் எழுத்தைப் பார்த்துப் பார்த்து 3, 4 என்று சீட்டும் எழுதினேன்.

அவளும் நடுவர் மேடமும் ஒன்றாகவே வந்தார்கள்.

"நாலு வகையாம்மா?" என்றார் மேடம். "இது ரெண்டும் யாரு எழுதுனது?"

தேவிகா மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றதுதான் என் வாயைத் திறந்தது.

"நான்தான் மேடம். வலையில நாம புடிச்சினு இருக்கிற முனை கைப்பக்கம், எதிர்முனை தண்ணிப்பக்கம். ஒன்னாவதுல குண்டு இருந்தா கைப்பக்கம் முழுகும். நாலாவதுல இருந்தா தண்ணிப்பக்கம். ரெண்டும் எப்டி மேடம் ஒன்னாவும்?"

(பெண் பார்க்கப் போன அன்றுகூட நான் இவ்வளவு பேசவில்லை.)

தேவிகா நாலாவது சரத்தை முனை மாற்றித் திருப்பி, முதல் சரத்தின் பக்கத்தில் வைத்தாள். மிதவைக்கு நேர் மிதவை, குண்டுக்கு நேர் குண்டு. மூன்றாவதைத் திருப்பினாள், அது இரண்டாவதாகிவிட்டது.

"நைனா, இதுக்குக் கைப்பக்கமே கெடையாது. எந்த முனை குண்டுக்குக் கிட்டவோ, அங்கேந்துதான் எண்ணணும்."

"அப்ப யாருதான் புடிச்சினு இருக்கிறது?"

மேடம் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். ஆனாலும் மேசையில் தப்பு இருந்தது தப்புதான் என்று மார்க்கைக் குறைத்தார். இரண்டாம் பரிசாக ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பா கிடைத்தது. திருவள்ளூருக்கு ஒரு காற்றாலை போனது.

எங்கள் ஊர் கோட்டைக்குப்பம் வரும்வரை தேவிகா எனக்கு முன்னாலேயே நடந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம், "நைனாவ மட்டும் எதையும் பாத்துக்கச் சொல்லாத" என்றாள். பிறகு அவளே சிரித்துவிட்டாள். இன்றும் நான் சட்டையை உள்பக்கம் வெளியாகப் போட்டால் என் மனைவி அஞ்சலை, "உடு, திருப்பினாலும் அதே ஆளுதான்" என்பாள்.

போன மாதம் தேவிகா கல்யாணமாகிப் பொன்னேரி போனாள். பெட்டியில் நான் கட்டிய நாலாவது சரத்தை வைத்தாள்; அவளுடைய முதல் சரத்தை வீட்டுச் சுவரில் தொங்கிய ஆணியிலேயே விட்டுவிட்டாள்.

"மாத்தி எடுத்துட்ட மா" என்றேன்.

"ரெண்டும் ஒன்னுதான நைனா."

எழுதியது: புரட்டாசி 4. காற்று அதிகம், படகு இறக்கவில்லை.