கண்மூடி உத்தரவு போடுகிறவர்

சிறப்பு ஆராதனைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. சபைக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் சபையில் அப்படி யாரும் இல்லையே என்கிறீர்களா? இருக்கட்டும், கடைசியில் பேசிக்கொள்வோம்.

சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளில் இவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். நடு வரிசையில் உட்கார்ந்து, பிரசங்கத்தின் பாதியில் கொட்டாவியை விழுங்கிக்கொண்டிருப்பார். ஆனால் 'சிறப்பு' என்ற சொல் காதில் விழட்டும். நன்றி ஆராதனையோ, நினைவு ஆராதனையோ, புதிதாக வெள்ளையடித்த சுவருக்குப் பிரதிஷ்டையோ, எதுவானாலும் சரி, மனிதர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து, நாற்காலிகளை நகர்த்தச் சொல்லி, நகர்த்தியவற்றைப் பழைய இடத்துக்கே திருப்பச் சொல்லி, பூச்சாடியை இரண்டு விரல் தள்ளி வைத்து, மைக்கைத் தட்டி, ஊதி, மறுபடி தட்டி, பாடகர் குழுவிடம் நடுச் சரணங்களை வெட்டச் சொல்லி, போதகரிடமே, "பிரசங்கம் கொஞ்சம் சுருக்கமா இருந்தா நல்லாயிருக்கும் ஐயா" என்று சொல்லிவிட்டுத்தான் ஓய்வார். நிகழ்ச்சி நிரலில் எல்லார் பெயருக்குப் பக்கத்திலும் 'சுருக்கமாக' என்று இருக்கும். அவர் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் இருக்காது.

வார நாட்களில் அவர் ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அங்கே அவர் சொல்வதை மின்விசிறிகூடக் கேட்பதில்லை. பாவம், மனிதர் எங்கேதான் போவார்?

ஆனால் எங்களவரின் தனித்திறமை வேறு. அவர் உத்தரவு போடுவதே இல்லை. ஜெபிப்பார். "ஆண்டவரே, வாசல்ல நிற்கிறவங்க உள்ளே வந்து உட்காரக் கிருபை செய்யும். வழியை மறிச்சு நிற்கிற வெள்ளைக் காரையும் நீர் அறிவீர். பாடகர் குழுவுல தாமதமா வந்த சகோதரியையும் ஆசீர்வதியும்." கார்காரர் சாவியோடு ஓடுவார். சகோதரி தலையைக் குனிந்துகொள்வார். ஜெபத்தை மறுத்துப் பேச யாரால் முடியும்? அவருடைய ஒரு கண் மட்டும் லேசாகத் திறந்திருக்கும், யார் ஓடினார், யார் ஓடவில்லை என்று பார்க்க.

போன முறை நடந்தது நினைவு ஆராதனை. அந்த வருடம் இறந்தவர்களில் எங்கள் சபையைச் சேர்ந்த பஸ் டிரைவரும் ஒருவர். அவருடைய மனைவியான தையல்கார அக்கா, ஒத்திகையன்றே இவரைத் தேடி வந்தார்.

"தம்பி, அவருக்காகப் பாட்டு, பேச்சு எதுவும் வேணாம். ஒரு நிமிஷம் எல்லாரும் அமைதியா இருந்தா போதும். நாள் பூரா ஹாரன் சத்தத்துலயே இருந்த மனுஷன். இங்க பாட்டு முடிஞ்சதும் ஒரு அமைதி வரும் பாருங்க, அதுக்காகவே சர்ச்சுக்கு வருவார்."

"பிரமாதமா பண்ணிடலாம் அக்கா."

பக்கத்தில் நின்ற எனக்கு அப்போதே சந்தேகம். நிரல் வந்ததும் பார்த்தேன். 'மௌன அஞ்சலி. நடத்துபவர்:' என்று போட்டு அவர் பெயர். மௌனத்தை நடத்தவும் ஓர் ஆள்.

அன்று எல்லோரும் எழுந்து நின்றோம். "இப்போது நாம் அமைதியாக இருக்கப் போகிறோம்" என்றார். அமைதி வந்தது. அதை அவரால் தாங்க முடியவில்லை. "அமைதியாக இருக்கிறோம்" என்றார். "பெற்றோர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும்" என்றார். அப்புறம் குரல் குழைந்தது, ஜெபம் வந்துவிட்டது. "ஆண்டவரே, அமைதியை நேசித்த எங்கள் டிரைவர் அண்ணனை நினைத்து, ஒரு சத்தமும் இல்லாமல் உம் முன்னால் நிற்கிறோம். முன்வரிசையில் அணைக்கப்படாத செல்போனை நீர் அறிவீர்..."

அந்த அம்மாள் கேட்டது ஒரே ஒரு நிமிஷம். அதையும் இந்த மனிதர் தின்றுகொண்டிருந்தார். எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது.

அவர் மூச்சு வாங்க நிறுத்தினார். அப்போது பின்வரிசையிலிருந்து, குனிந்த தலையோடு, மூடிய கண்களோடு, மைக்கே இல்லாமல் அக்காவின் குரல் வந்தது.

"ஆண்டவரே, மைக் பக்கத்துல நிற்கிற தம்பி ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருக்கக் கிருபை செய்யும்."

"ஆமென்" என்றது சபை. அதில் போதகர் சொன்னதுதான் ரொம்பச் சத்தம்.

ஜெபத்தை மறுத்துப் பேச முடியுமா? வாயை மூடினார். வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பிறகு அதுவும் இல்லை. அக்கா கைகளைக் கோத்தபடி நின்று அழுதார். ஒரு நிமிஷம் முடிந்தும் யாரும் அசையவில்லை.

மனிதர் திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். அடுத்த ஆராதனையின் நிரல் வந்துவிட்டது. 'தையல்கார அக்காவின் விசேஷ ஜெபம். சுருக்கமாக.'

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லைதான். ஆனால் நேற்று உங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்த வீட்டில் சிலருக்குப் போனைக் கீழே வைக்கும் நல்ல மனதைத் தாரும், குழம்பில் உப்புக் குறைந்ததையும் மன்னியும்" என்று ஜெபித்தது யார்? முடித்ததும் உங்கள் மனைவி சொன்ன ஆமென் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாக இருந்ததே, கவனித்தீர்களா?