ஒரே பேரில் இரண்டு லினக்ஸ்

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ சபதம் எடுத்திருக்கிறார்கள். என் கணவர் ரஜிதன் ஒரு ஞாயிறு காலை லாப்டொப்புக்கு முன்னால் எழுந்து நின்று எடுத்தது இது:

"இண்டைக்கு இந்த வீட்டில இரட்டை எண்டு ஒண்டும் இருக்கப்படாது!"

நான் பயந்துபோய்த் தொட்டிலைப் பார்த்தேன். நல்ல காலம், எங்களுக்கு ஒரே பிள்ளைதான். கஜனி. எட்டு மாதம்.

விஷயம் லாப்டொப்பில். போட்டதும் வரும் கறுப்பு மெனுவில் லினக்ஸ், லினக்ஸ் என்று கணனியை ஓட்டுகிற மென்பொருளின் ஒரே பேர் இரண்டு தரம் நின்றது. முதல் தரம் போட்டது சரிவரவில்லை என்று நினைத்து இவர் இரண்டாம் தரமும் போட்டிருந்தார். இரண்டுமே சரிவந்துவிட்டது. இவர் கைவைத்து இரண்டு தரமும் சரிவந்த காரியம் அது ஒன்றுதான்.

"இஞ்சருங்கோ, அது தன்ர பாட்டில இருக்கட்டும். இண்டைக்கு நெடுங்கேணிக்கு அம்மாவிட்டப் போவம் எண்டனீங்கள்?"

"மோட்டச்சைக்கிள் டயர் சரியில்லை."

ஐந்து மாதமாக அந்த டயர் சரியில்லை. கிரிக்கெட் பார்க்க வவுனியாவுக்குப் போகிற நாளில் மட்டும் அது குணமாகிவிடும்.

"உதுக்குள்ள பிள்ளையின்ர படமெல்லாம் கிடக்கு." குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாளிலிருந்து எடுத்த படங்கள்.

"படம் முதலாவதில. நான் அழிக்கிறது இரண்டாவதை. நான் ஆர்?"

கணனி வகுப்புக்குப் போனவர். பாதியில் காய்ச்சல்.

"மெனுவில பேரை மட்டும் எடுத்தாக் காணாதோ?"

"பேரை எடுத்திட்டு ஆளை விடுறதோ? வேரோட பிடுங்கோணும். உமக்கு எல்லாத்திலயும் இரண்டு வேணும். இரண்டு டோர்ச், இரண்டு உப்புப் போத்தல். கணனியும் உம்மைப் பார்த்துப் பழகியிட்டுது!"

அது உண்மைதான். சண்டைக்காலத்தில் அம்மா எங்கள் பிறப்புப் பத்திரங்களைப் பிரதி எடுத்து, இரண்டு பொலித்தீன் பையில் கட்டி, ஒன்றைத் தன் இடுப்பிலும் மற்றதை அப்பாவின் இடுப்பிலும் செருகினா. ஓடும்போது ஒன்று போய்விட்டது. மற்றதால்தான் இன்று எனக்குப் பேரும் வயதும் இருக்கிறது. கொன்வென்றில் சிஸ்டர் ஜெபிக்கச் சொல்லித் தந்தா. அம்மா பிரதி எடுக்கச் சொல்லித் தந்தா. நான் பயந்தவள், இரண்டையும் செய்கிறவள்.

கொஞ்ச நேரத்தில் லாப்டொப் கறுத்துப்போனது. இவர் வெளுத்துப்போனார். பக்கத்து வீட்டு ஸாஜித்திடம் ஓடினார், வந்தார், தட்டினார். நான் பிள்ளைக்குப் பாலைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

"பாரும்! ஒண்டே ஒண்டு!"

மெனுவில் ஒற்றை லினக்ஸ். உள்ளே கழுவிக் கவிழ்த்த பானை மாதிரி வெறுமை.

"படம்?"

"அது... நான் பிடுங்கினதுக்குள்ளதான் படம் இருந்திருக்கு. பிறகு ஒண்டும் வேலை செய்யேல்ல. எல்லாத்தையும் துடைச்சுப் புதுசாப் போட்டனான்."

"எதால போட்டனீங்கள்?"

"பத்திரப் பைக்குள்ள ஒரு பென்ட்ரைவ் கிடந்தது. அதையும் துடைச்சு, ஸாஜித்தின்ர கணனியில லினக்ஸை ஏத்தி..."

"அதுக்குள்ளதான் படத்தின்ர பிரதி."

இவர் கதிரையில் இருந்துவிட்டார். "ஐயோ, பெட்டிக்குள்ள என்ர விரலைப் பிடிச்ச படம்..." கண் கலங்கியது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. பாவம் ஒரு பக்கம், ஐந்து மாதம் ஒரு பக்கம்.

"அழாதேங்கோ. இன்னொரு பிரதி இருக்கு."

"எங்க?"

"அம்மாவிட்ட."

"வெளிக்கிடும்!"

"டயர்?"

"எந்த டயர்?"

மோட்டச்சைக்கிள் அதற்குள் வாசல் படலையடியில் உறுமியது. எங்கள் பூவரசங்குளத்திலிருந்து நெடுங்கேணி வரைக்கும் டயர் ஒரு முனகல் முனகவில்லை. அங்கே அம்மா போட்ட சோற்றை மறுபேச்சில்லாமல் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். கோழிக்கூட்டுக்குக் கதவும் அடித்துக் கொடுத்தார். பென்ட்ரைவைச் சட்டைப் பைக்குள் வைத்து, வழியெல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"நல்ல காலமப்பா, இரண்டாவது பிரதி ஒண்டு வைச்சிருந்தனீர்."

"ஓம்," என்றேன்.

மூன்றாவது பிரதி எங்கள் வீட்டு அலுமாரியில், இவருடைய கலியாண வேட்டி மடிப்புக்குள் கிடக்கிறது. நான் மடித்துக் கொடுக்கிற உடுப்பை ஒருநாளாவது உள்ளே கொண்டுபோய் வைத்திருந்தால், பாவம், இவருக்கு நெடுங்கேணி வரைக்கும் அலைச்சல் வந்திருக்காது.