ஆறுதல் ஐயா கண்ணை மூடுகிறார்

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரத்துக்கு மணி அடித்ததும் வந்து இறங்குகிற உயிரினங்களில் ஒரு வகை உண்டு. உங்களுக்குத் தெரியாதவரல்ல. பழம் கொண்டு வரமாட்டார், பிளாஸ்க் கொண்டு வரமாட்டார். ஜெபம் கொண்டு வருவார். எங்கள் சபையில் அவருக்கு ‘ஆறுதல் ஐயா’ என்று பெயர். பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் ஜனங்களைக் காக்க வைத்துப் பழகிய மனிதர், ஓய்வு பெற்றால் மட்டும் சும்மா இருப்பாரா?

ஐயாவிடம் இருக்கும் சரக்கு மூன்றே மூன்று: விசுவாசம், நம்பிக்கை, அன்பு. காய்ச்சலா, கால் முறிவா, பித்தப்பையில் கல்லா, எதுவானாலும் அதே மூன்று மாத்திரை, அதே வரிசை. விசுவாசத்தில் ஆரம்பித்து, உலகம் உண்டான கதையைத் தொட்டு, நம்பிக்கைக்குள் நுழைந்து, நோயாளியின் வீட்டார், டாக்டர், டாக்டரின் வீட்டார், லிப்ட் இயக்குகிறவர் என்று ஒருவர் விடாமல் எல்லாருக்கும் மன்றாடி, ஒரு வழியாக அன்புக்கு வந்து சேர்வார். மூன்றில் அதுதான் பெரியது என்பது அவர் கட்சி. ஆகவே நேரமும் அதற்குத்தான் அதிகம். முடியும்வரை யாரும் கண் திறக்கக் கூடாது. திறந்தால் என்ன ஆகும்? தெரியாது. எங்களில் யாருக்கும் அந்தத் துணிச்சல் வந்ததில்லை.

போன வாரம் அகப்பட்டவர் ஒரு பஸ் டிரைவர். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. ஐயா உள்ளே நுழைந்த அதே நிமிஷத்தில் டிரைவருக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. பெட்பேன் இருந்ததோ கட்டிலுக்கு அடியில்.

“ஐயா, ஒரு நிமிஷம்...”

“ஒரு நிமிஷம் என்ன தம்பி! உங்களுக்காக சாயங்காலம் முழுக்க ஒதுக்கியிருக்கேன். எல்லாரும் கண்ணை மூடிக்குவோம்.”

மூடினோம். டிரைவரின் மனைவி மூடினார். தெர்மாமீட்டரோடு வந்த நர்ஸ் மரியாதைக்கு நின்று மூடினார். பக்கத்துக் கட்டில்காரர் மூடினார், குறட்டையே வந்தது. ஐயாவோடு கூடப் போயிருந்த நானும்தான் மூடியிருந்தேன், மற்றதெல்லாம் டிரைவர் பிறகு சொல்லித் தெரிந்தது.

“ஐயா...” என்று முனகினார் டிரைவர்.

“இந்த மகனின் முனகலைக் கேளும், ஆண்டவரே.”

“அவசரம்ங்க!”

“இவருடைய அவசரத்தை நீர் அறிவீர்.”

அவர் அறிவார், சரி. ஆனால் பாத்திரத்தை எடுத்து வைக்க வேண்டியது நாம் அல்லவா? விசுவாசம் முடிந்தது, இன்னும் இரண்டு ஸ்டாப்பிங் இருக்கிறது என்று டிரைவர் பல்லைக் கடித்தார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், ஊரே ஏறி இறங்கிய பஸ்ஸை ஓட்டியவர், வார்டு முழுக்க ஆள் நிற்கும்போது படுக்கையை நனைத்துவிட்டுக் கிடப்பதா? அந்த அவமானத்தை நினைத்தே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

நம்பிக்கையும் போயிற்று. ஐயா தொண்டையைச் செருமி அன்பைத் தொடங்கினார். அப்போதுதான் டிரைவரின் மனைவி அந்தப் பெரும்பாவத்தைச் செய்தார். ஒரு கண்ணைத் திறந்தார். புருஷனின் மூச்சு மாறியது அவருக்கு மட்டும் கேட்டிருக்கிறது.

“நகருங்கய்யா!”

நாற்காலியோடு ஐயாவை ஒரு தள்ளு. திரையை ஒரு இழுப்பு. ஐயா கண்ணைத் திறக்காமலே, தள்ளப்பட்ட இடத்தில் அன்பைத் தொடர்ந்தார். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அது ஜெபத்தை அமுக்கிவிடக் கூடாதே என்று அவர் குரலை உயர்த்தினார். “அப்பாடா, ஆண்டவரே!” என்றார் டிரைவர். அன்றைக்கு அந்த வார்டிலிருந்து மனமார எழுந்த ஜெபம் அது ஒன்றுதான்.

படியிறங்கும்போது ஐயாவுக்கு வருத்தம். “உருக்கமா போயிட்டு இருந்துச்சு, அந்தம்மா கெடுத்துட்டாங்க. விசுவாசம் பத்தாது.” பிறகு முகம் மலர்ந்தது. “ஆனா கடைசியில அவர் ஆண்டவரைக் கூப்பிட்டாரே, கவனிச்சீங்களா? என் ஜெபம் வீண்போகலை!”

சிரிக்கிறீர்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. கோயில் பக்கமே போகாதவராகக்கூட இருக்கலாம். சந்தோஷம். ஒன்றே ஒன்று சொல்லுங்கள். போன தடவை உடம்புக்கு முடியாத ஒருவரை வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு, “எது வேணும்னாலும் கூச்சப்படாம கேளுங்க” என்று சொன்னீர்களே, அப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களா, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தீர்களா?