காரணம் வழங்கும் கனவான்

"தப்புப் பண்ணாதவனுக்குச் சட்டத்தைக் கண்டு என்னய்யா பயம்? எவன் வந்து கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லுவேன்" என்று சிதம்பரம் கீழவீதிக் காப்பிக் கடையில் மேசையைத் தட்டி முழங்கியவர் வக்கீல் குமாஸ்தா ராமாமிர்தம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில், பாகிஸ்தானோடு சண்டை மூண்டிருந்த நேரம்.

வாசகரே, இவர் தனி மனிதரல்லர், ஓர் இனம். 'சும்மாவா புடிப்பாங்க?' இனம். முன்பெல்லாம் ஓர் ஆளைக் காவலில் வைத்தால், ஏன் வைத்தோம் என்று சில நாளிலாவது எழுதிக் கொடுப்பார்கள். யுத்த காலத்துப் பாதுகாப்பு விதிகள் அந்தச் சிரமத்தையும் நீக்கிவிட்டன. சர்க்கார் சொல்லாமல் விட்ட காரணத்தை யாராவது சொல்லியாக வேண்டுமே? அந்தப் பெருங்குறையைத் தீர்க்கவே, சம்பளமில்லாமல், பயணப்படி கேட்காமல், இந்த இனம் தெருவுக்கு ஒருவராக அவதரித்திருக்கிறது.

லால்பேட்டையிலிருந்து வந்து ராமாமிர்தத்தின் அடுத்த வீட்டில் இருபது வருஷமாகக் குடியிருந்த கைலிக் கடை காசிமை ஜீப்பில் ஏற்றிக் கடலூருக்குக் கொண்டுபோனார்கள். ஏன்? சொல்லவில்லை. காலையில் ராமாமிர்தம், காசிமின் தம்பி பினாங்கில் இருப்பதைக் காரணமாக்கினார். மத்தியானம், வீட்டில் ரேடியோ இருப்பதை. சாயங்காலம், அந்த ரேடியோ வெளியே கேட்காததை. சத்தமாக வைத்திருந்தால் அதுவும் காரணம்தான்.

காசிமின் மனைவி ஜொஹரா பீவி வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, அவுங்க எப்படிப்பட்டவுங்கன்னு ஒங்களுக்குத் தெரியும். விசாரிக்க வர்றப்ப ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா வுட்டுடுவாங்களாம்."

"வரட்டும்மா, சொல்றேன். ஆனா பாரு, சும்மாவா புடிப்பாங்க?"

"ஒங்க பொண்ணு கல்யாணத்துல ராப்பகலா பந்தல்லயே கெடந்தாரே, அதுக்கா புடிச்சாங்க?"

ராமாமிர்தம் தொண்டையைக் கனைத்தார். அதற்கும் விதியில் இடமிருக்கிறதா என்று யோசித்திருப்பார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அடுத்த வீட்டு வாசலில் ஜீப் நின்றால் நீங்கள் பார்ப்பது கதவைத் திறந்துகொண்டா, ஜன்னல் இடுக்கு வழியாகவா என்பதை மட்டும் உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை கடலூரிலிருந்து மப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"பக்கத்து வீட்டு காசிம் எப்படிங்க? நல்ல மனுஷன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா எழுதிக்கிட்டுப் போயிடுறேன்."

நடுச்சுவருக்கு அப்பால் ஜொஹரா பீவி அம்மி அரைப்பதை நிறுத்தினாள்.

ராமாமிர்தம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"எந்த காசிமுங்க?" என்றார்.