வேர் முடிச்சில் குடியிருப்போர்

அனந்தகிருஷ்ணன் தோட்டப் பாத்தியில் பினாயில் புட்டியைக் கவிழ்க்கப் போன சமயம், மேல்மாடி பாகீரதி ஓடிவந்து கையைத் தடுத்தாள்.

யுத்தகாலத்தில் காய்கறி விலை ஏறியதால், மாதுங்காவில் தம் குடியிருப்பின் பின்புறம் கொத்தவரை போட்டிருந்தார் அந்தக் குமாஸ்தா. ஒரு செடியைப் பிடுங்கினால், வேரெல்லாம் முடிச்சு. நோய் என்று முடிவுகட்டிவிட்டார்.

பாகீரதி கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. முடிச்சொன்றை பிளேடால் கீறினாள். உள்ளே ரோஜா நிறம். அதை மாடிக்குக் கொண்டுபோய், நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் காட்டினாள்.

"இதெல்லாம் பாக்டீரியா. காத்துலேர்ந்து செடிக்குச் சத்து பிடிச்சுத் தர்றது இவாதான், மாமா. பதிலுக்குச் செடி சர்க்கரை தர்றது. காய் ஓய்ஞ்சப்புறம் வேரை மண்ணிலேயே விடுங்கோ. அடுத்துப் போடற கத்தரிக்கு அதான் உரம்."

அனந்தகிருஷ்ணன் கண்ணை எடுக்கவேயில்லை. பொடிப்பொடிக் குச்சிகளாக எண்ணிமாளாத கூட்டம். ஒரு சிட்டிகை மண்ணிலேயே கோடிக்கணக்கான உயிர் உண்டு என்றாள் பாகீரதி. ஒற்றை அறைக்குப் பம்பாயில் நாயாய் அலைந்தவர் அவர். காலடியில் இப்படியொரு ஊரே சத்தமில்லாமல் உழைக்கிறது என்றதும் உடம்பு சிலிர்த்தது. கீழே வந்ததும் பாத்தியருகே செருப்பைக் கழற்றினார்.

அதோடு நின்றிருந்தால் தேவலை. மனைவி ருக்கு பாத்தியோரம் கொதிகஞ்சி கொட்டக்கூடாது என்றார். அவள் சாக்கடையில் கொட்டினாள். அங்கேயும் இருப்பார்களே என்று பதறினார். முள்ளங்கியைக் கழுவினால் மண்ணோடு அவர்களும் போய்விடுவார்கள் என்று, தூரிகையால் துடைத்து மண்ணைத் திருப்பிப் பாத்தியில் சேர்த்தார். அதற்கே ஆபீஸ் ரயில் தவறியது. பிறகு வேரில் மண்ணோடு வரும் கீரையே வேண்டாம் என்றார். பாத்தியை யாரும் மிதிக்கக்கூடாது என்றதில், கொத்தவரை பறிக்க ஆளின்றி முற்றி நாராயிற்று.

ருக்கு டோம்பிவிலியிலுள்ள அண்ணா வீட்டுக்குப் போவதாகப் பெட்டியை எடுத்தாள். அனந்தகிருஷ்ணன் இறங்கிவந்தார். அவள் எதை வேண்டுமானாலும் சமைக்கட்டும். தமக்கு இனி எந்த ஜீவனுக்கும் ஹிம்சையில்லாத ஆகாரம், வெறும் தயிர்சாதம் போதும்.

அன்று மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மனசு லேசாகி, இலையை வழித்து நக்கினார்.

ருக்கு தயிர்ச்சட்டியை ஓரமாக நகர்த்தினாள்.

"ஏன்னா, பாலைத் தயிராக்கறதே உங்க பாத்தியிலே இருக்கற அவாளோட தாயாதிகள்தானாம், பாகீரதி சொன்னா, இப்போ உள்ளே போனது எத்தனை கோடியோ."