ஜெனோஜாவின் துவக்குக்கு என்ன நிறம்

மடு மாதா துணை

ரோவில்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மச்சான் ஜெயரட்ணத்துக்கு,

நானும் உமது அக்கா டொறத்தியும் சுகம், பரமட்டாவில் நீரும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் சுகம் எங்கே. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

உமது மருமகள் ஜெனோஜா குறிபார்த்துச் சுடும் கிளப்பில் சேர்ந்தது உமக்குத் தெரியும். லைசென்ஸ் எடுத்து, கராஜ் சுவரில் இரும்புப் பெட்டி பூட்டி, அதற்குள் துவக்கையும் வைத்துவிட்டாள். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து மன்னாரில் வள்ளம் ஏறி இந்த நாடு வரைக்கும் ஓடிவந்தவன் வீட்டில் துவக்கு. இரண்டு வருசமாக நான் கராஜுக்குள் கால் வைத்ததில்லை. போட்டி பார்க்க வாங்கோ என்று கேட்டுக் கேட்டு அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். இப்போது திடீரென்று ஒரு நிற அட்டையைக் கொண்டுவந்து, "அப்பா, துவக்குக்குப் பெயின்ற் அடிக்கப் போறன், கலரை நீங்கள் சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமைக்கிடையில சொல்லாட்டி பெயின்ற் கடைக்காரங்கள் கறுப்பு அடிச்சுப்போடுவாங்கள்" என்கிறாள். இதையாவது கேட்கிறாளே என்று தலையாட்டினேன், அதுதான் நான் விட்ட பிழை.

அட்டையில் நாற்பது நிறம். பச்சையை டொறத்திக்குக் காட்டினேன். அவள் சென்றியில் ஆமிக்காரனுக்கு அடையாள அட்டை காட்டுவதுபோலக் கைப்பையைத் திறந்து கார் லைசென்ஸை எடுத்து நீட்டினாள், நீட்டின பிறகுதான் ஏன் நீட்டினேன் என்று முழித்தாள். நீலம் எண்டால் நேவி, எங்கட எத்தனை வலையை அறுத்தவங்கள். காக்கி பொலிஸ். வரிவரியாக ஒண்டு இருந்தது, அதை உடனே கவிழ்த்து வைச்சன், காரணம் கடிதத்தில எழுதேலாது. வெள்ளை நல்ல நிறம்தானே எண்டு பார்த்தால், ஆக்களைக் கடத்திக்கொண்டு போன அந்த வானின்ர நிறமும் அதுதான். மிஞ்சினது கத்தரிப்பூ நிறம். அது ஆயர் உடுக்கிற நிறம், அதைத் துவக்கில பூசிப்போட்டு எந்த முகத்தோட பூசைக்குப் போறது? பிள்ளையிட்டச் சொன்னால், "அப்பா, இட்ஸ் ஜஸ்ட் அ கலர்" எண்டுறாள்.

நீர் இருபது வருசமாக் காருக்குப் பெயின்ற் அடிக்கிற ஆள், நீர் சொன்னால் கேட்பாள். பெயின்ற் அடிச்சால் குறி தப்பும், இந்த விளையாட்டை விட்டிட்டு பாட்மின்ரன் பழகு எண்டு ஒரு போன் எடுத்துச் சொல்லும். வெள்ளிக்கு முந்திச் சொல்லும்.

மாதா உம்மையும் பிள்ளைகளையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
நித்திரை கெட்ட அத்தான்,
பேர்னாட்

பி.கு.: போன் எடுக்க வேண்டாம். இதைத் தபாலில போடப் போன நான், பிள்ளையிட்ட நேரிலயே சொல்லிப்போடுவம் எண்டு கிளப்புக்குப் போனன். முதல் வெடி கேட்டதுதான் தெரியும், குப்புற விழுந்து தலையைப் பொத்திக்கொண்டன். அங்க எல்லாரும் குப்புறப் படுத்துத்தான் சுடுகினம், அதால ஒருத்தரும் வித்தியாசமாப் பார்க்கேல்லை. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பாய் விரிச்சு, காதுக்கும் சத்தம் கேளாத மூடி மாட்டிவிட்டார். பக்கத்துப் பாயில ஜெனோஜா. துவக்கைக் கீழ வைச்சிட்டு என்ர கையைப் பிடிச்சபடி கனநேரம் கிடந்தாள். எனக்கு அழுகை வந்தது, நான் மறைக்கேல்லை. கத்தரிப்பூவே அடி எண்டு சொல்லிப்போட்டன், ஆயரோட நான் கதைக்கிறன். ஒரு விண்ணப்பப் போம் நிரப்பினால் புதுசா வாறவையும் கிளப்புத் துவக்கால சுடலாமாம். நானும் நிரப்பிச் சுட்டன், பத்தில நாலு பட்டது. எனக்கும் லைசென்சுக்கு எழுதிப் போட்டிருக்கு. என்ர துவக்குக்கு என்ன நிறம் பொருந்தும் எண்டு யோசிச்சு எழுதும். பச்சை மட்டும் வேண்டாம், உமது அக்கா கைப்பையைத் திறந்துபோடுவா.